மருத்துவச்சியும் லைசென்ஸும்

சில வாரங்களுக்கு முன் நம் காரியாலயத்திற்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருஷங்களுக்கு மேல் நர்ஸாக ஊழியம் செய்து பென்ஷன் பெற்றவர். இப்பத்திரிகையின் ஆசிரியர் சட்டம் பயின்றவர் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வந்ததாகச் சொன்னார். தம் சொந்த ஊரில், தம் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைச் செப்பனிட்டு, சிக்கலில்லாத பிரசவங்களை அங்கே பார்க்கலாமென்பது அவர் எண்ணம். அதற்கு எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம், என்ன லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது கேள்வி. நாம் பதிவுச் சட்டத்தைப் புரட்டினோம், ஆஸ்பத்திரிச் சட்டத்தைப் புரட்டினோம், விதிகளையும் பார்த்தோம். கூடும் என்று திட்டமாய்ச் சொல்ல ஒரு ஷரத்து நம் கண்ணுக்கு அகப்படவில்லை. கூடாது என்று சொல்லவும் அகப்படவில்லை. அம்மையார் சற்றுப் பொறுத்திருந்து, "ஐயா, சர்க்கார் சம்பளம் வாங்குகிற வரையில் இந்தக் கை பிரசவம் பார்க்கலாம், பென்ஷன் வாங்கத் தொடங்கினால் பார்க்கலாகாதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கட்சிக்காரருக்குப் பதில் சொல்ல இயலாமல் வக்கீல் விழிப்பது உலக வழக்கம்தான். ஆயினும் அன்று நாம் விழித்தது நமக்கே வெட்கமாயிருந்தது.

நதி நீருக்காகவும், பாஷைக்காகவும், வரிப் பங்கீட்டுக்காகவும் தொண்டை வறளப் பேசும் நம் தேசத் தொண்டர்கள், பிரசவ அறையின் வாசற்படிக்கு வந்தவுடன், "அது ஸ்திரீகள் விஷயம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இப்பத்தியை வாசிப்போரிற் பெரும்பாலோர் ஆண்மக்கள் என்பதை நாம் அறிவோம். அறிந்தேதான் இதை எழுதத் துணிந்தோம். சட்டசபையில் கை தூக்குவோரும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானிப்போரும், கட்டணத்தைக் கட்டுவோரும் நம் நாட்டில் இன்னும் பெரும்பாலும் ஆண்களே அல்லரோ?

பிரசவம் பார்க்கும் உரிமையை யாருக்கு அளிப்பது, பிரசவம் நடக்கும் இடத்தை யார் கண்காணிப்பது என்னும் இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. டாக்டரும் அறுவை அறையும் இல்லாத இடத்தில் பிரசவமே நடக்கலாகாது என்பார் ஒரு சாரார். பிரசவம் வியாதியன்று, சர்க்காருக்கு அங்கே வேலையில்லை என்பார் மற்றொரு சாரார். இரண்டையும் நாம் மறுக்கிறோம். தக்க பயிற்சி பெற்ற மருத்துவச்சிக்குத் தன் பொறுப்பிலேயே தொழில் செய்யத் தனி லைசென்ஸ் வேண்டும். அவள் நடத்தும் பிரசவ நிலையத்துக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். இவ்விரண்டும் கடுமையான நிபந்தனைகளோடு கூடியிருக்க வேண்டும். அதே கண்ணாடியைச் சட்டம் நர்ஸிங் ஹோம்களின் முகத்துக்கு நேரேயும் பிடிக்க வேண்டும். இது நம் அபிப்பிராயம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2019–21 வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்ந்தன. இது பெருமைக்குரியது, ஐயமில்லை. அதே ஆய்வு மற்றொன்றும் சொல்லுகிறது. நம் ராஜ்யத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 44.9 பேர் ஸிஸேரியன் முறையில், தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இக்கணக்கு 36. தனியார் ஆஸ்பத்திரிகளிலோ 63.8. தெலங்கானாவில் தனியார் கணக்கு 81.5 என்கிறபோது, நாம் கெட்டவர்களில் நல்லவர்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். எந்த நாட்டிலும் இது நூற்றுக்கு 10 அல்லது 15-ஐத் தாண்டுவதற்கு நியாயம் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1985-லேயே கூறியது.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நேயர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். ரத்த சோகையுற்ற ஏழைப் பெண்கள் போவது சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு. நர்ஸிங் ஹோமில் கைமீறிப்போன கேஸ்கள் கடைசி நேரத்தில் வண்டியேற்றி அனுப்பப்படுவதும் அங்கேதான். ஆதலின் கீறி எடுக்க வேண்டிய அவசியம் அங்கே அதிகமாகவும், வசதியுள்ளோர் போகும் இடத்தில் குறைவாகவும் இருப்பதே இயல்பு. நடப்பது நேர்மாறு. தாயின் தேகம் அல்லாத வேறு காரணங்கள் கத்தியை நடத்துகின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

அக்காரணங்கள் ரகசியமுமல்ல. இயற்கைப் பிரசவம் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். கத்தி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து இருமடங்கு பில் எழுதும். ஜோஸ்யர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் குழந்தை பிறக்க வேண்டுமென்று டாக்டரிடம் சீட்டு நீட்டும் பாட்டனார்களும் நம்மிடையே உளர். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போதாதென்று கத்திக்கும் நாள் பார்க்கிறார்கள். நம் வக்கீல் சகோதரர்களுக்கும் இதில் பங்குண்டு. டாக்டர்களின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் அதன்பின், "ஏன் கீறவில்லை" என்று வழக்கு வரும், "ஏன் கீறினாய்" என்று வழக்கு வருவது அரிது என்பதை டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். ஸிஸேரியன் உயிர் காக்கும் சிகிச்சை என்பதை நாம் மறுக்கவில்லை. நம் நண்பர்கள் வீடுகளிலேயே அதனால் பிழைத்த தாய்மார் உண்டு. அவசியமின்றிக் கீறப்படுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம். ஒரு முறை கீறிய கர்ப்பப்பைக்கு அடுத்த பிரசவத்தில் அபாயம் அதிகம் என்பதைக் கட்டணம் வாங்குகிறபோது யாரும் விரித்துரைப்பதில்லை.

இனி மறுபக்கம். இக்கத்திக்கு அஞ்சியும், ஆஸ்பத்திரியில் படும் அவமரியாதைக்கு வெறுத்தும், சிலர் முற்றிலும் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற ஓர் இளந்தாய் உதிரப் பெருக்கால் இறந்தார். மறு மாதமே, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி முகாம் என்று விளம்பரம் செய்த ஒருவர் கோயமுத்தூரில் கைது செய்யப்பட்டார். பெருநகரங்களிலோ, 'இயற்கைப் பிரசவ நிலையம்' என்று பலகை தொங்கவிட்டு, தண்ணீர்த் தொட்டியும் மெல்லிய விளக்கும் வைத்து, செல்வர்களிடம் பெருந்தொகை வாங்கும் இடங்கள் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் சில மிக ஒழுங்காக நடப்பவை. சிலவற்றின் ஒழுங்குக்கு நடத்துபவர் வாக்கைத் தவிர வேறு ஆதாரமில்லை. கத்தியை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டும் இயற்கைவாதிகளுக்கு ஒன்று சொல்லுவோம். நம் பாட்டிமார் வீட்டிலேயே பெற்றார்கள் என்பது மெய். போர் கமிட்டி 1946-ல் கொடுத்த அறிக்கையில், இந்தியாவில் வருஷந்தோறும் சுமார் 2 லட்சம் தாய்மார் பிரசவ காலத்தில் இறந்ததாகக் கணக்கிட்டதும் மெய். பெற்றுப் பிழைத்த பாட்டிகளைத்தான் நாம் கண்டோம். இறந்தவர்கள் யாருக்கும் பாட்டியாகவில்லை.

ஒருபுறம் கத்தி, ஒருபுறம் அநாதரவு. நடுவே நிற்க வேண்டிய மருத்துவச்சி எங்கே போனாள்? இதற்குச் சிறிது சரித்திரம் பார்க்க வேண்டும்.

சென்னை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் ஏற்பட்டது. அதன்பின் எண்பது வருஷங்கள் கழித்து, 1926-ல், நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறிற்று. பதிவுப் புஸ்தகம் வந்தது, பெயர்கள் ஏறின. ஆனால் நாளடைவில் மருத்துவச்சி என்பவள் நர்ஸுக்குள் கரைந்துபோனாள். இன்று நம் நாட்டு நர்ஸ், "பதிவு பெற்ற நர்ஸும் பதிவு பெற்ற மருத்துவச்சியும்" என்று ஒரே மூச்சிற் சொல்லிக்கொள்கிறாள். பட்டம் இரண்டு, உத்தியோகம் ஒன்று. காலையில் கண் ஆஸ்பத்திரியிலும், மாலையில் எலும்பு முறிவு வார்டிலும் போட்டால் அங்கே நிற்க வேண்டியவளே. பிரசவத்துக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்த ஒரு தொழிலாக மருத்துவம் பார்க்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

அதே 1926-ம் வருஷத்தில், பாக்கு ஜலசந்திக்கு அப்பால் நிகழ்ந்ததையும் நேயர்கள் கேட்கட்டும். இலங்கையில் களுத்துறை என்னுமிடத்தில் முதல் சுகாதாரப் பிரிவு அவ்வருஷம் தொடங்கப்பட்டது. ஒரு குறித்த எல்லைக்குள் உள்ள கிராமங்களுக்கு இன்ன மருத்துவச்சி என்று நியமித்து, கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அவள் போய் வர வேண்டும் என்ற ஏற்பாடு அங்கிருந்து தீவெங்கும் பரவிற்று. நாம் பெயர்களைப் பதிவு செய்தோம்; அவர்கள் மனுஷியை நிறுத்தினார்கள். 1930-ல் அத்தீவில் லட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950-ஐ ஒட்டி அது அறுநூற்றுக்குக் கீழே வந்துவிட்டது. மலேரியா ஒழிப்புக்கும், இலவச வைத்தியத்துக்கும், ஸ்திரீகளின் கல்விக்கும் இதில் பெரும் பங்குண்டு. முழுப் புகழையும் மருத்துவச்சிக்கே சூட்டுவது நேர்மையாகாது. ஆயினும் அவளை நீக்கிவிட்டு அக்கதையைச் சொல்லவும் முடியாது.

நம் நாட்டுப் பழைய மருத்துவச்சியின் கதையை நினைக்கத் தலை குனிகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவள் பெரும்பாலும் நாவித குலத்துப் பெண். பாதி ராத்திரியில் லாந்தர் பிடித்து அவளை அழைத்து வந்தோம். குழந்தை வெளிவந்ததும் அவளைத் தீட்டென்று கொல்லைப்புற வழியே அனுப்பினோம். தொப்புள்கொடி அறுத்த கைக்கு மரக்கால் நெல்லும் பழைய புடவையும் கூலி. எழுத்தறிவோ சுத்த முறையோ அவளுக்குக் கற்பித்தோமில்லை. கற்பிக்காமல் விட்டு, பின்பு "அறியாதவள்" என்று ஏசினோம். சுதந்தரத்துக்குப் பின் சில பத்தாண்டுகள் சர்க்கார் அவர்களுக்குப் பயிற்சியும் பெட்டியும் கொடுத்துப் பார்த்தது. பிறகு, ஆஸ்பத்திரிப் பிரசவமே கொள்கை என்றானதும், அவர்களை ஒரு வந்தன வார்த்தையும் இல்லாமல் கைவிட்டது. அவர்களுடைய பழைய முறைகள் எல்லாம் மீள வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நஞ்சு விழத் தாமதமானால் கையை விட்டு இழுத்ததால் மாண்டவர்கள் அநேகர். ஆனால் வேதனைப்படும் பெண்ணின் பக்கத்தில், அவசரப்படாமல், முதுகைத் தடவியபடி இரவு முழுதும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொறுமை இருக்கிறதே, அதை எந்தக் கலாசாலையும் இன்னும் பாடமாக வைக்கவில்லை.

அவளுக்குப் பதிலாய் வந்த உதவி நர்ஸ் மருத்துவச்சியின் நிலை என்ன? தொடக்கத்தில் அவளுக்கு இரண்டு வருஷப் பயிற்சி. பிரசவமே அதில் பிரதானம். 1975-ல் ஸ்ரீவாஸ்தவ கமிட்டி அறிக்கை வந்தபின், அவள் பலவேலைக்காரி ஆனாள். பயிற்சி ஒன்றரை வருஷமாகச் சுருங்கிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கும், ஊசிக் கணக்கும், படிவங்களும் அவள் தோளில் ஏறின. பிரசவம் பார்க்கும் பழக்கம் கையைவிட்டு நழுவிற்று. இருந்தும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ராஜ்யம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று நர்ஸுகளை முறைவைத்து அமர்த்தி, இரவும் பகலும் பிரசவ அறையைத் திறந்து வைத்தபோது, ஏழைப் பெண்கள் அங்கே திரண்டு வந்தார்கள். அங்கே பிரசவம் பார்த்த கை பெரும்பாலும் நர்ஸின் கைதான். 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ், சிக்கல் கண்ட தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது. இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்துக் காரணம் எழுதும் வழக்கமும் இங்கே வேரூன்றியிருந்தது. 2018–20 கணக்கில் இந்தியாவில் லட்சத்துக்கு 97 தாய்மார் இறந்தார்கள் எனில் தமிழ்நாட்டில் 54. ஆகவே மருத்துவச்சியின் பொறுப்பில் நடக்கும் பிரசவ நிலையம் என்பது மேல்நாட்டுப் புதுமோஸ்தர் அன்று. பெயரில்லாமல், லைசென்ஸில்லாமல், அதை நாமே நடத்திப் பார்த்துவிட்டோம். நம்மிடம் வந்த அம்மையார் அப்படிப்பட்ட அறையில் வாழ்நாளைக் கழித்தவர்.

மத்திய சர்க்காரும் கண் திறவாமல் இல்லை. 2018 டிஸம்பரில் மருத்துவச்சிச் சேவைக்கென வழிகாட்டு நெறிகள் வெளியாயின. நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்து 18 மாதம் விசேஷப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே மருத்துவச்சி நடத்தும் பிரிவுகளில் அமர்த்துவது அத்திட்டம். 1947-ம் வருஷத்து நர்ஸிங் கவுன்ஸில் சட்டத்துக்குப் பதிலாக, 2023-ல் பார்லிமெண்டு புதிய கமிஷன் சட்டத்தையும் நிறைவேற்றிற்று. அதன் பெயரிலேயே நர்ஸோடு மருத்துவச்சிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அம்மருத்துவச்சியின் அதிகாரம் சர்க்கார் ஆஸ்பத்திரியின் மதிலோடு முடிந்துவிடுமாறு திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. மதிலுக்கு வெளியே அவள் தொழில் செய்யலாமா, செய்தால் என்ன நிபந்தனை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விதான் லைசென்ஸின் உயிர்நிலை. அதைத் தொடாமல் பட்டத்தை மட்டும் மாற்றினால் 1926-ம் வருஷத்துக் கதைதான் மறுபடி நடக்கும்.

டாக்டர்களின் ஆட்சேபம் நமக்குத் தெரியாததன்று. "எந்தப் பிரசவம் எப்போது சிக்கலாகும் என்று யார் கண்டார்?" என்கிறார்கள். இதில் உண்மையுண்டு. ஆயினும் அபாயம் எப்போதும் மருத்துவச்சியின் பக்கமே இருந்ததில்லை. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1840-களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. டாக்டர் மாணவர்கள் பார்த்த பிரிவில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார் இறந்தனர். மருத்துவச்சி மாணவிகள் பார்த்த பிரிவில் 4 பேர். பிரேதப் பரிசோதனை செய்த கையைக் கழுவாமலே டாக்டர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று 1847-ல் ஸெம்மல்வைஸ் கண்டுபிடித்தார். அவரை அவருடைய சகாக்கள் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இக்காலத்துச் சாட்சியமும் உண்டு. இங்கிலாந்தில் அபாயக்குறி ஏதுமில்லாத 64,538 ஸ்திரீகளின் பிரசவங்களை ஆராய்ந்து 2011-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. மருத்துவச்சிகள் நடத்தும் நிலையங்களில் பிரசவிக்கத் திட்டமிட்டோரின் குழந்தைகளுக்கு, டாக்டர்களின் ஆஸ்பத்திரியில் நேர்ந்ததைவிட அதிகத் தீங்கு நேரிட்டதாகக் காணவில்லை. ஸிஸேரியன் முதலிய சிகிச்சைகளோ வெகுவாகக் குறைந்திருந்தன. நமக்குச் சாதகமான இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது வக்கீல் புத்தி. பத்திரிகாசிரியன் மீதியையும் சொல்லக் கடமைப்பட்டவன். தலைப்பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் திட்டமிட்டவர்களிடையே குழந்தைக்குத் தீங்கு ஆயிரத்துக்கு 9.3, ஆஸ்பத்திரியில் திட்டமிட்டவர்களிடையே 5.3. தனித்து நிற்கும் மருத்துவச்சி நிலையங்களுக்குத் தலைப்பிரசவத்துக்காக வந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். ஆங்கில நாட்டின் நல்ல ரஸ்தாக்களிலேயே இப்படியென்றால், நம் ஊர்ப் பாலங்களையும் ரயில்வே கேட்டுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆதலின் நாம் கேட்கும் லைசென்ஸ் வெறும் சீட்டன்று. இன்னின்ன கர்ப்பிணிகளை நிலையத்தில் ஏற்கலாகாது என்பது அதில் எழுதப்பட வேண்டும்: இரட்டைக் கர்ப்பம், ரத்தக் கொதிப்பு, முன்பு கீறிய வயிறு, குழந்தை தலைகீழாய்த் திரும்பாதிருத்தல் முதலியன. அறுவைக்கும் ரத்தத்துக்கும் வசதியுள்ள ஓர் ஆஸ்பத்திரி அரை மணி நேரத்துக்குள் சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்; அந்த ஆஸ்பத்திரி தாயை ஏற்க மறுக்கவோ, மருத்துவச்சியை வாசலில் நிறுத்தி வசைபாடவோ கூடாதென்று சட்டமே கட்டளையிட வேண்டும். இந்தப் பின்கூறு முக்கியமானது. வசைக்கு அஞ்சியே தாமதித்து அனுப்பிய தாதிமார் உண்டு; அத்தாமதத்தில் போன உயிர்களும் உண்டு.

மருந்து விஷயமும் அப்படியே. பிரசவமானவுடன் கர்ப்பப்பை சுருங்குவதற்கு ஆக்ஸிடோஸின் என்னும் ஊசி இன்றியமையாதது. சர்க்கார் சேவையிலுள்ள நர்ஸுகளுக்கும் உதவி மருத்துவச்சிகளுக்கும் அதைப் போட அனுமதியுண்டு. சொந்தத்தில் தொழில் செய்யும் மருத்துவச்சி அதை வாங்கி வைக்கலாமா என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சட்டம் சொல்ல வேண்டும். (பால்மாட்டுக்கு அம்மருந்தைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று 2018 ஏப்ரலில் தனியார் உற்பத்தியையே மத்திய சர்க்கார் தடுக்கப் பார்த்ததும், டிஸம்பரில் டில்லி ஹைகோர்ட் அத்தடையை ரத்துச் செய்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். மாட்டைக் காக்கப் புறப்பட்டுத் தாயை மறந்த கதை அது.) மற்றொரு சாதனம் இன்னும் எளியது. அளவுக்கோடு இட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்தால் எவ்வளவு ரத்தம் போயிற்றென்று கண்ணால் அறியலாம். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், 80 ஆஸ்பத்திரிகளில், 2 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கொண்டு நடத்தி 2023-ல் வெளியிட்ட பரீட்சையில், இவ்விரிப்பால் உடனே அறிந்து உடனே சேர்த்துச் செய்த சிகிச்சையால் கடும் உதிரப் பெருக்கும் அதன் விளைவுகளும் நூற்றுக்கு 60 பங்கு குறைந்தன. இதற்கு மாளிகை வேண்டாம். பயின்ற கையும் விழித்த கண்ணும் வேண்டும்.

லைசென்ஸ் என்ற சொல் நம் செவிக்கு இனியதன்று. உப்புக் காய்ச்ச அன்னியனிடம் அனுமதி கேட்கமாட்டோம் என்று 1930-ல் கடற்கரைக்கு நடந்தவர்களின் சந்ததி நாம். 1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் ஜாமீன் கேட்டே அச்சுக்கூடங்களை நசுக்கிய கதையை இத்தொழிலில் இருப்போர் மறப்பதற்கில்லை. கட்டட அளவையும் கழிப்பறை எண்ணிக்கையையும் பார்த்துக் கை நீட்டும் இன்ஸ்பெக்டர் ஒருவரை ஊருக்கு ஊர் உண்டாக்குவதற்காக நாம் இதை எழுதவில்லை. ஆகவேதான் லைசென்ஸைக் கொடுப்போர் யார் என்பது, லைசென்ஸ் வேண்டுமா என்பதைப் போலவே பெரிய கேள்வியாகிறது. இங்கிலாந்து 1902-ல் மருத்துவச்சிச் சட்டம் இயற்றியபோது, அதை நடத்தும் சபையில் ஒரு மருத்துவச்சியாவது இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. டாக்டர்களே பெரும்பாலும் அமர்ந்தார்கள். அப்பிழையை நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை. அச்சட்டத்தில் பின்பற்றத்தக்கதும் ஒன்றுண்டு. பரீட்சை எழுதாவிடினும் ஏற்கெனவே நல்ல முறையில் தொழில் செய்து வந்தவர்களைக் குறித்த தவணைக்குள் பதிவில் ஏற்றிக்கொண்டது. லைசென்ஸ் இல்லாமல் கூலிக்குத் தொழில் செய்வதை 1910 முதல்தான் தடுத்தது. சுகாதார நிலையங்களில் ஆயிரம் பிரசவம் பார்த்த கையை, புதிய பட்டம் இல்லையென்று தள்ளாமல், கைத்திறனைச் சோதித்து ஏற்கும் ஷரத்து நம் சட்டத்திலும் வேண்டும்.

கண்காணிப்பு மருத்துவச்சியோடு நிற்கவும் கூடாது. தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-ல் சட்டம் நிறைவேறிற்று. அதற்கு விதிகள் வந்தது 2018-ல். சட்டம் பிறந்த வருஷத்தில் பிறந்த பெண் குழந்தை, விதிகள் பிறப்பதற்குள் தானே தாயாகும் வயதை எட்டிவிட்டாள். பிரசவம் பார்க்கும் எந்த நர்ஸிங் ஹோமும், சென்ற வருஷம் எத்தனை பிரசவம், அவற்றுள் எத்தனை கத்தியால், எத்தனை தாயை வேறிடம் அனுப்பிற்று, எத்தனை உயிர் போயிற்று என்ற நான்கு எண்களையும் வாசற்பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்றும், எழுதாவிடில் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது என்றும் ஒரு விதி சேர்த்தால் போதும். ஹோட்டல்காரர் இட்டிலி விலையைப் பலகையில் எழுதுகிறார். நூற்றுக்கு அறுபத்து நான்கு வயிற்றைக் கீறுவோர் எண்ணை எழுத ஏன் கூசவேண்டும்? மருத்துவச்சி நிலையமும் அதே நான்கு எண்களைத் தன் வாசலில் எழுதட்டும்.

2018 முதல் பிறப்புச் சான்றிதழுக்கே கர்ப்பப் பதிவு எண் வேண்டுமென்று நம் சர்க்கார் கேட்கிறது. வீட்டில் பெற்றவளைத் தேடிப்போய் விசாரிக்க உத்தியோகஸ்தர் இருக்கிறார்கள். தாயைப் பதிவு செய்ய இத்தனை ஊக்கம் காட்டுவோர், தாய்க்கு உதவ வருவோரின் உரிமையையும் பொறுப்பையும் எழுதிவைக்க ஏன் சுணங்க வேண்டும்?

சட்டசபை அங்கத்தினர்களுள் நம் பத்திரிகையை வாசிப்போர் சிலர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் கேள்வி நேரத்தில் அவர்களுள் ஒருவர் சுகாதார மந்திரியாரை இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுமென்று விண்ணப்பிக்கிறோம். பதிவு பெற்ற மருத்துவச்சி ஒருவர் தம் பொறுப்பில் பிரசவ நிலையம் நடத்த எந்த விதியின் கீழ் மனுச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. தனியார் ஆஸ்பத்திரிகளின் ஸிஸேரியன் கணக்கை ஆஸ்பத்திரிவாரியாகச் சர்க்கார் வெளியிடுமா என்பது மற்றொன்று. கிடைக்கும் பதில் எதுவாயினும் இதே பத்தியில் முழுமையாகப் பிரசுரிப்போம். நம்மிடம் வந்த அம்மையாருக்கும் ஒரு பிரதி அனுப்புவோம்.